வரும் இணைப்பை ஏற்க எந்த வழி? வரிசை முறை, ஃபோர்க், த்ரெட், நிகழ்வு லூப்: ஓர் ஒப்பீடு

கடந்த இரண்டு மாதங்களில் காரைக்குடி வட்டாரத்திலிருந்து மூன்று பேர் ஏறத்தாழ ஒரே கேள்வியை என்னிடம் கேட்டிருக்கிறார்கள். முதலாமவர் செக்காலை ரோட்டில் உள்ள ஒரு ஜவுளிக்கடைக்கு பில்லிங் மென்பொருள் எழுதிக் கொடுத்தவர். கடையின் பன்னிரண்டு கவுண்டர்களும் ஒரே சர்வரோடு பேச வேண்டும். இரண்டாமவர் பொறியியல் இறுதியாண்டு மாணவி. ஆத்தங்குடிப் பட்டறைகளில் வார்த்தெடுக்கும் தளக்கற்களைப் படம் பிடித்து அனுப்பினால், விரிசலும் நிறக்கலப்பும் இருக்கின்றனவா என்று பார்த்துச் சொல்லும் சர்வர் ஒன்றை அவர் எழுதிக்கொண்டிருக்கிறார். மூன்றாமவர் சாக்கோட்டை, கல்லல் பக்கத்துத் தோட்டங்களில் பம்ப்செட்டுகளுக்கு சிம் கார்டு போட்ட கட்டுப்பாட்டுக் கருவிகளைப் பொருத்துபவர். அவருடைய 400 கருவிகள் நாள் முழுவதும் சர்வரோடு தொடர்பில் இருக்க வேண்டும்.

மூவரும் “ஃபோர்க் செய்வதா, த்ரெட் போடுவதா, எபோலுக்குப் போவதா, எது அதிகக் கிளையன்டுகளைத் தாங்கும்?” என்றே கேட்டார்கள். (கிளையன்ட் என்பது சர்வரை அழைக்கும் நிரல் அல்லது கருவி. ஃபோர்க் என்பது ஓடும் நிரலை, அதாவது பிராசஸை, நகலெடுத்து இன்னொரு பிராசஸ் ஆக்குவது. த்ரெட் ஒரே பிராசஸுக்குள் இணையாக ஓடும் இழை. எபோல் பல இணைப்புகளை ஒரே இடத்திலிருந்து கவனிக்க லினக்ஸ் தரும் வசதி.) எண்ணிக்கையை மட்டும் வைத்து இதை முடிவு செய்ய இயலாது என்பதே என் அனுபவம். உள்ளே வந்த கிளையன்ட் எவ்வளவு நேரம் தங்குகிறது, அந்த நேரத்தில் எவ்வளவு பங்கு பேசாமல் இருக்கிறது என்பவைதான் பெரும்பாலும் விடையைத் தீர்மானிக்கின்றன. மூவருக்கும் மூன்று வேறு விடைகள் கிடைத்ததற்கு அதுவே காரணம்.

## கெர்னல் ஏற்கெனவே செய்து வைத்திருப்பது

சர்வர் ஒரு சாக்கெட்டை, அதாவது இணைப்புக்கான முனையை, உருவாக்கி, ஒரு போர்ட் எண்ணோடு பிணைத்து, ‘லிசன்’ என்று சொன்ன பிறகு, அந்த சாக்கெட் வழியாக ஒரு பைட்டும் போக்குவரத்து நடப்பதில்லை. அது வாசலில் நிற்பதற்கு மட்டுமே உரியது. ‘அக்செப்ட்’ அழைப்பு ஒவ்வொரு கிளையன்டுக்கும் புதிய சாக்கெட் ஒன்றைத் திருப்பித் தருகிறது, பேச்சு முழுவதும் அதில் நடக்கிறது. நம் ஊர்க் கல்யாண வீட்டில் முகப்பில் ஒருவர் சந்தனக் கும்பாவும் பன்னீர்ச் செம்புமாக நின்று வருகிறவரை வரவேற்று, வளவுக்குள் வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, உடனே அடுத்தவரைப் பார்க்கத் திரும்புவார். அவரே இலை போடவும் போய்விட்டால் வாசலில் ஆள் இல்லை. இங்கே ஒப்பிடப்போகும் எல்லா வழிகளும், வந்தவரை யாரிடம் ஒப்படைப்பது என்ற ஒரே கேள்விக்கான வெவ்வேறு விடைகள்.

பலர் கவனிக்காத ஒன்று உண்டு. இணைப்பைத் தொடங்கும்போது இரு பக்கமும் பரிமாறிக்கொள்ளும் டிசிபியின் மும்முனைக் கைகுலுக்கலை, இயங்குதளத்தின் மையமான கெர்னலே முடித்துவிடுகிறது, நம் நிரல் அதற்குத் தேவையில்லை. முடிந்த இணைப்புகள் அக்செப்ட் வரிசை என்ற திண்ணையில் காத்திருக்கின்றன. ‘லிசன்’ அழைப்புக்கு நாம் கொடுக்கும் பேக்லாக் எண் இந்தத் திண்ணையின் நீளம். லினக்ஸில் ‘சோமேக்ஸ்கான்’ என்ற உச்சவரம்பு அதற்கு மேலே இருக்கிறது. நெடுங்காலம் 128 ஆக இருந்த அந்த வரம்பு, 2019-இல் வந்த 5.4 கெர்னலில் 4096 ஆக உயர்த்தப்பட்டது. பழைய கெர்னல் ஓடும் சர்வரில் நீங்கள் 1000 என்று எழுதினாலும் சத்தமில்லாமல் 128 ஆகக் குறைக்கப்பட்டுவிடும். பாடப்புத்தக உதாரணங்களில் இந்த இடத்தில் 5 என்று இருப்பதை அப்படியே நகலெடுப்பவர்கள் இன்றும் அதிகம். பைத்தானின் ‘சாக்கெட்சர்வர்’ நூலகத்தின் இயல்பு மதிப்பும் 5தான்.

அந்த ஐந்து என்ன செய்யும் என்பதைப் பம்ப்செட் கருவிகளில் நேரில் பார்த்தேன். மின்வெட்டு முடிந்து துணைமின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்ததும், 400 கருவிகளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் விழித்துச் சர்வரை அழைத்தன. “தம்பி, கரண்டு வந்தா அரை மணி நேரம் எந்த மோட்டாரும் போன்ல தெரிய மாட்டேங்குது” என்று புதுவயல் பக்கத்து விவசாயி ஒருவர் சொன்னதாகப் பொருத்துநர் சொன்னார். சர்வரில் ‘எஸ்எஸ்’ கட்டளையை லிசன் சாக்கெட்டுகளை மட்டும் காட்டும்படி ஓட்டிப் பார்த்தோம். ‘சென்ட் கியூ’ நெடுவரிசையில் 5, ‘ரிசீவ் கியூ’ நெடுவரிசையில் 6. லிசன் சாக்கெட்டைப் பொறுத்தவரை முதல் எண் திண்ணையின் நீளம், இரண்டாவது எண் இப்போது அதில் உட்கார்ந்திருப்போர். ஐந்து என்று கொடுத்தால் லினக்ஸ் ஆறு பேர் வரை அனுமதிக்கும், அந்த ஆறும் நிரம்பியிருந்தன. திண்ணை நிறைந்த பிறகு வரும் கைகுலுக்கல் பொட்டலங்களை லினக்ஸ் இயல்பாகவே மறுப்புச் சொல்லாமல் உதறிவிடுகிறது. கிளையன்ட் ஒன்று, இரண்டு, நான்கு நொடிகள் என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே திரும்ப முயல்கிறது. எங்கும் பிழைச்செய்தி பதிவாகாது, லாக் கோப்பு சுத்தமாக இருக்கும். ‘நெட்வொர்க் மெதுவாக இருக்கிறது’ என்று சிம் கார்டு நிறுவனத்தின் மேல் பழி போட்டு நாங்கள் இரண்டு நாள் வீணடித்தது இதனால்தான்.

ஆனால் ஐந்து என்ற எண் பாதிக் காரணமே. வாசலில் நின்ற அதே லூப், ஒவ்வொரு கருவியையும் ஏற்று, அதன் நிலையைப் படித்து, தரவுத்தளத்தில் எழுதி முடித்த பிறகே அடுத்ததை ஏற்றுக்கொண்டிருந்தது. ஒரு கருவிக்கு 150 மில்லிசெகண்ட் என்றால் 400 கருவிகளுக்கு முழுதாக ஒரு நிமிடம். கருவியின் பொறுமையோ பத்து நொடி. பத்து நொடியில் கைவிட்டுப் போன கருவிகளின் இணைப்புகளும் திண்ணையில் கிடந்தன, சர்வர் அவற்றையும் ஏற்று நேரத்தைச் செலவழித்தது, அதற்குள் அடுத்த சுற்று ஆரம்பித்துவிட்டது. பேக்லாக்கை மட்டும் உயர்த்தியிருந்தால் நெரிசல் தெருவிலிருந்து திண்ணைக்கு நகர்ந்திருக்கும், அவ்வளவே.

## எவற்றை வைத்து அளப்பது

வழிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பதற்கு முன், உங்கள் சர்வரைப் பற்றி இவற்றுக்கு விடை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஓர் இணைப்பு எவ்வளவு நேரம் திறந்திருக்கும், அதில் எவ்வளவு நேரம் இரு பக்கமும் மௌனமாக இருக்கும்? கிளையன்டுகள் நாள் முழுவதும் பரவலாக வருகிறார்களா, மின்சாரம் வந்ததும் வருவதுபோல ஒரே நொடியில் வருகிறார்களா? ஒரு கிளையன்டின் வேலை நிரலைச் சாய்த்துவிடும் வாய்ப்பு உண்டா, உண்டென்றால் மற்றவர்கள் பிழைக்க வேண்டுமா? கிளையன்டுகள் பொதுவான தகவலை, எடுத்துக்காட்டாகச் சரக்கு இருப்பை, ஒரே நேரத்தில் மாற்றுகிறார்களா? ஒரு கோரிக்கையில் சிபியு வேலை அதிகமா, காத்திருத்தல் அதிகமா? கடைசியாக, இரவு பதினோரு மணிக்கு இது நின்றுபோனால் யார் பார்க்கப் போகிறார்கள், அவருக்கு எந்த முறை புரியும்? இந்தக் கடைசிக் கேள்வியை நான் மற்றவற்றுக்கு இணையாகவே மதிக்கிறேன்.

## ஒருவர் பின் ஒருவராக

ஏற்று, பதில் சொல்லி, மூடி, அடுத்ததை ஏற்பது. ஒரே லூப், ஒரே பிராசஸ், பகிர்வுச் சிக்கல் எதுவுமில்லை. எடைமேடையிலிருந்து எடையை வாங்கி அடுத்த நொடியே விடைகொடுக்கும் ஒரு நிரலுக்கு, அதுவும் ஒரு கட்டடத்துக்குள் இருக்கும் நான்கு இயந்திரங்கள் மட்டுமே அழைக்கும்போது, இதைவிடச் சிக்கலான எதையும் எழுதக் கூடாது என்பேன்.

மறைந்திருக்கும் விலை ஒன்றே ஒன்றுதான், ஆனால் அது பெரியது. இணைந்துவிட்டு எதுவும் அனுப்பாத ஒரு கிளையன்ட் போதும், சர்வர் முழுவதும் அதன் வாய் பார்த்து நின்றுவிடும். எனவே படிக்கும் அழைப்புக்குக் கால வரம்பு வைப்பது கட்டாயம், அந்த வரம்பே மற்ற எல்லோருடைய அதிகபட்சத் தாமதமாகவும் ஆகிவிடுகிறது. இணையத்துக்குத் திறந்த போர்ட்டில் இந்த முறையை வைக்கவே வேண்டாம்.

## ஃபோர்க்: ஒவ்வொருவருக்கும் ஒரு பிராசஸ்

ஏற்றவுடன் பிராசஸைப் பிரித்து, குழந்தைப் பிராசஸிடம் புதிய சாக்கெட்டை ஒப்படைத்துவிட்டுத் தாய் வாசலுக்குத் திரும்புகிறது. யூனிக்ஸ் உலகின் மூத்த வழி இது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் இன்றும் ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு பிராசஸ் என்றே இயங்குகிறது, அதன் இயல்பு இணைப்பு வரம்பு 100 ஆக இருப்பதிலிருந்தே இந்த முறையின் அளவை ஊகிக்கலாம்.

இதன் மிகப்பெரிய வரவு தனிமைப்படுத்தல். தளக்கற்களைச் சோதிக்கும் மாணவியின் சர்வருக்கு இதையே பரிந்துரைத்தேன். ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடித் தகட்டின் மேல் கையால் நிறம் ஊற்றி வார்ப்பதால், ஒரு கல்லைப் போல இன்னொன்று இருப்பதில்லை. படங்களும் அப்படித்தான், பட்டறைக்குப் பட்டறை ஒளியும் கோணமும் அளவும் மாறுகின்றன. பாதியில் அறுந்த ஒரு படக் கோப்பு வந்தால், அவர் பயன்படுத்தும் சி மொழிப் பட நூலகம் சில வேளைகளில் நினைவக மீறலில் விழுந்துவிடுகிறது. த்ரெட் முறையில் அப்படி விழுந்தால் பிராசஸ் முழுவதும் போய்விடும், அந்த நேரத்தில் படம் அனுப்பிக்கொண்டிருக்கும் எல்லாப் பட்டறைகளும் அறுந்துபோகும். ஃபோர்க் முறையில் ஒரு குழந்தை மட்டும் மடிகிறது, தாய் அதைக் கவனித்து லாக்கில் ஒரு வரி எழுதுகிறது.

மறைந்திருக்கும் விலைகள் மூன்று இருக்கின்றன. முதலாவது, ஃபோர்க் செய்த கணத்தில் இரு பக்கத்திலும் இரண்டு சாக்கெட்டுகளும் திறந்திருக்கும். குழந்தை லிசன் சாக்கெட்டை மூட வேண்டும், தாய் இணைப்பு சாக்கெட்டை மூட வேண்டும். தாய் மூட மறந்தால், குழந்தை வேலையை முடித்துப் போன பிறகும் கிளையன்டுக்கு ‘முடிந்தது’ என்ற செய்தி போகாது, ஏனென்றால் கெர்னலின் கணக்கில் அந்த சாக்கெட்டை இன்னும் ஒருவர் பிடித்திருக்கிறார். மாணவியின் முதல் பதிப்பில் முடிவு வந்த பிறகும் கிளையன்டின் திரையில் ‘பெறப்படுகிறது’ என்றே சுழன்றுகொண்டிருந்தது, காரணம் இந்த விடுபட்ட ஒற்றை வரி. மேலும் தாயின் டிஸ்கிரிப்டர்கள், அதாவது திறந்திருக்கும் ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் கோப்புக்கும் கெர்னல் தரும் எண்கள், ஒவ்வொன்றாகக் கசிந்து, பெரும்பாலான லினக்ஸ் நிறுவல்களின் மென்வரம்பான 1024-ஐ எட்டியதும் புதிய இணைப்பே ஏற்க முடியாமல் போகும்.

இரண்டாவது, முடிந்த குழந்தைகளைத் தாய் ‘வெயிட்’ அழைப்பால் விடைகொடுத்து அனுப்பாவிட்டால் அவை ஸோம்பிகளாகப் பட்டியலில் தங்கும். ஒரே நேரத்தில் பல குழந்தைகள் முடிந்தால், அதைத் தாய்க்குத் தெரிவிக்கும் சிக்னல் ஒன்று மட்டுமே வந்து சேரலாம் என்பதால், சிக்னல் கையாளி ஒரு முறை மட்டும் வெயிட் செய்யாமல், மீதி யாருமில்லை என்று தெரியும் வரை சுற்ற வேண்டும். அந்த சிக்னல் ‘அக்செப்ட்’ அழைப்பையே இடையில் கலைக்கக்கூடும், அதைப் பிழையாக எடுத்துக்கொண்டு லூப்பை விட்டு வெளியேறிவிடக் கூடாது.

மூன்றாவது, பொதுத் தகவல். பிராசஸ்களுக்கு நினைவகம் பொதுவானதல்ல. பொதுவாக்க முயன்றால், வாங்கிய தனிமைப்படுத்தலில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கிறோம். போஸ்ட்கிரெஸிலேயே ஒரு பிராசஸ் முறைகேடாக விழுந்தால், பகிர்ந்த நினைவகம் கெட்டிருக்கலாம் என்ற எச்சரிக்கையில் மற்ற இணைப்புகளையும் அறுத்து மீண்டும் தொடங்குகிறார்கள்.

பிராசஸ் பிரிக்கும் நேரம் உறுத்தினால், முன்கூட்டியே பத்துக் குழந்தைகளைப் பிரித்து வைத்து எல்லோரையும் ஒரே லிசன் சாக்கெட்டில் ‘அக்செப்ட்’ செய்ய விடலாம். அப்பாச்சியின் ப்ரீஃபோர்க் முறை இவ்வகை. சிபியு வேலை அதிகமுள்ள தளக்கல் சர்வருக்கு, சிபியு கோர்களின் எண்ணிக்கைக்கு அருகான அளவில் குழந்தைகளை வைத்துக்கொள்வதே பொருத்தம். அதற்கு மேல் வைத்தால் ஒருவரை ஒருவர் இடித்துக்கொள்வார்கள்.

## த்ரெட்: ஒவ்வொருவருக்கும் ஓர் இழை

ஏற்றவுடன் புதிய த்ரெட்டைத் தொடங்கி, சாக்கெட்டைக் கையளிப்பது. எழுதுவதற்கும் படிப்பதற்கும் எளிது. கிளையன்டோடு நடக்கும் உரையாடல் மேலிருந்து கீழாக ஒரு கதைபோல நிரலில் நிற்கும். மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் இயல்பாக இந்த முறையில் இயங்குகிறது.

ஜவுளிக்கடைக்கு இதுவே சரி. பன்னிரண்டு கவுண்டர்கள், காலையில் இணைந்தால் இரவு கடை சாத்தும் வரை திறந்திருக்கும், எல்லாமே சரக்கு இருப்பைப் பகிர்கின்றன. கண்டாங்கிச் சேலை ஒன்றின் கடைசிப் பிரதியை இரண்டு கவுண்டர்கள் ஒரே நொடியில் பில் போடாமல் பார்த்துக்கொள்ள ஒரு பூட்டு, அதாவது மியூடெக்ஸ், போதும். உண்மையில் அந்தப் பூட்டைத் தரவுத்தளத்தின் பரிவர்த்தனையிடமே விட்டுவிடும்படி சொன்னேன், ஏனென்றால் நிரலுக்குள் போடும் பூட்டு, சர்வர் நின்று எழுந்தால் தன் கணக்கை மறந்துவிடும்.

அந்த மென்பொருளாளர் முதலில் எழுதியது த்ரெட் பூல் முறை: எட்டு த்ரெட்டுகள், ஏற்ற இணைப்புகள் ஒரு வரிசையில், ஓய்வாக இருக்கும் த்ரெட் அடுத்ததை எடுத்துக்கொள்ளும். எங்கோ படித்த ‘கோர் எண்ணிக்கையைப் போல இரு மடங்கு’ என்ற விதிப்படி எட்டு வைத்திருந்தார். சாதாரண நாட்களில் ஆறு, ஏழு கவுண்டர்களே திறந்திருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. தீபாவளிக்கு முந்தைய வாரம் எல்லாக் கவுண்டர்களையும் திறந்தபோது, ஒன்பதாவது கவுண்டரிலிருந்து ‘சர்வருடன் இணைந்தது’ என்ற பச்சைக் குறி வந்தது, பில் மட்டும் வரவில்லை. இணைப்பு ஏற்கப்பட்டுவிட்டது, கையில் எடுக்கத்தான் த்ரெட் இல்லை. எட்டுப் பேரும் நாள் முழுவதும் எழுந்திருக்காத விருந்தாளிகளோடு உட்கார்ந்திருந்தார்கள். பூல் என்பது வந்து போகும் குறுகிய கோரிக்கைகளுக்கு உரியது. தங்கிவிடும் இணைப்புகளுக்கு, இணைப்புக்கு ஒரு த்ரெட்டும் மொத்த எண்ணிக்கைக்கு ஓர் உச்சவரம்பும் வைப்பதே நேர்மையானது. வரம்பைத் தாண்டியவரை ஏற்றுக் காக்க வைப்பதைவிட, ஏற்று ‘இடமில்லை’ என்று ஒரு வரி சொல்லி மூடுவது நல்லது.

நினைவகத்தைப் பற்றி ஒரு பயம் பரவலாக இருக்கிறது. லினக்ஸில் ஒரு த்ரெட்டின் அடுக்குக்கு (ஸ்டாக்) இயல்பாக 8 மெகாபைட் ஒதுக்கப்படுவது உண்மை, ஆனால் அது முகவரி ஒதுக்கீடு மட்டுமே, தொட்ட பக்கங்களுக்கே உண்மையான மெமரி செலவாகும். சில நூறு த்ரெட்டுகள் இன்றைய எளிய சர்வருக்குச் சுமையே இல்லை. பல்லாயிரம் ஆகும்போதுதான் அடுக்குகளும், த்ரெட்டுகளை மாற்றி மாற்றி ஓட்டும் செலவும் தெரியத் தொடங்கும். த்ரெட் முறையின் உண்மையான மறை விலை நேரப்போட்டிப் பிழைகள். நூறு முறை ஓட்டினால் ஒரு முறை வரும் பிழையை வாடிக்கையாளர் முன்னால் தேடுவது மிகுந்த துன்பம் தரும் வேலை.

கோ மொழியில் எழுதுபவர்களுக்கும், 2023-இல் வந்த ஜாவா 21-இன் வர்ச்சுவல் த்ரெட்டுகளைப் பயன்படுத்துபவர்களுக்கும் இந்தப் பகுதியின் எளிமை, அடுத்த பகுதியின் கொள்ளளவோடு சேர்ந்தே கிடைக்கிறது. கோ மொழியின் இலகு த்ரெட்டான கோரூட்டீன் ஒன்று 2 கிலோபைட் அடுக்கோடு தொடங்குகிறது, அடியில் மொழியின் இயக்கநேரமே எபோலைக் கையாள்கிறது. புதிதாகத் தொடங்குபவர் மொழியைத் தேர்ந்துகொள்ளும் நிலையில் இருந்தால் இதைத் தீவிரமாக எண்ணிப் பார்க்க வேண்டும். பூட்டுகளின் தேவை மட்டும் இங்கேயும் போவதில்லை.

## நிகழ்வு லூப்: ஒரே த்ரெட், ஆயிரம் சாக்கெட்டுகள்

லிசன் சாக்கெட்டையும் எல்லா இணைப்பு சாக்கெட்டுகளையும் கெர்னலிடம் பட்டியலாகக் கொடுத்து, எதில் வேலை வந்திருக்கிறது என்று கேட்டு, வந்ததை மட்டும் கவனிப்பது. 1983-இல் 4.2 பிஎஸ்டியோடு வந்த ‘செலக்ட்’ இதன் முதல் வடிவம். அது 1024-க்கு மேற்பட்ட டிஸ்கிரிப்டர் எண்களைக் கையாள முடியாததோடு, ஒவ்வொரு முறையும் பட்டியல் முழுவதையும் தடவிப் பார்க்கவும் செய்தது. ஒரே இயந்திரத்தில் பத்தாயிரம் கிளையன்டுகள் என்ற சவாலை 1999-இல் டான் கெகல் எழுதி விவாதத்துக்குக் கொண்டுவந்தார். ஃப்ரீபிஎஸ்டியில் 2000-இல் ‘கேகியூ’வும், லினக்ஸ் 2.5 வரிசையில் 2002-இல் ‘எபோல்’உம் வந்தன. 2004-இல் வெளியான என்ஜின்எக்ஸும், 2009-இல் வந்த நோட் ஜேஎஸ்ஸும் இந்த அடித்தளத்தில் நிற்பவை.

பம்ப்செட் கருவிகளுக்கு இதைத் தேர்ந்தோம். 400 என்பது த்ரெட்டுக்கும் அடங்கும் எண்தான், ஆனால் அவர் 5000 வரை போக எண்ணியிருக்கிறார். அதைவிட முக்கியம், ஒவ்வொரு கருவியும் நாளில் சில நொடிகளே பேசுகிறது, மீதி நேரம் கட்டளைக்காகக் காத்துக் கிடக்கிறது. மௌனமான சாக்கெட் நிகழ்வு லூப்புக்குக் கெர்னலில் ஒரு பதிவாகவும், நிரலில் சில நூறு பைட் நிலையாகவும் மட்டுமே சுமை.

மறைந்திருக்கும் விலைகள் இங்கேதான் அதிகம், அவற்றுள் நான்கை விரிவாகச் சொல்ல வேண்டும்.

லிசன் சாக்கெட்டையும் தடையற்ற நிலைக்கு, அதாவது ‘நான்பிளாக்கிங்’ நிலைக்கு, மாற்ற வேண்டும். ‘ஏற்க ஒருவர் இருக்கிறார்’ என்று எபோல் சொன்ன கணத்துக்கும் நீங்கள் ‘அக்செப்ட்’ செய்யும் கணத்துக்கும் இடையில் அந்தக் கிளையன்ட் போய்விடலாம், அல்லது வேறொரு பிராசஸ் அவரை அழைத்துக்கொண்டிருக்கலாம். தடையுள்ள சாக்கெட் என்றால் அடுத்தவர் வரும் வரை லூப் முழுவதும் அங்கேயே நிற்கும். அதோடு, லினக்ஸில் ஏற்கப்பட்ட புதிய சாக்கெட் தன் தாயின் தடையற்ற தன்மையைப் பெறுவதில்லை, ஃப்ரீபிஎஸ்டியில் பெறுகிறது. லினக்ஸில் ‘அக்செப்ட்4’ அழைப்பைப் பயன்படுத்தி ஏற்கும்போதே அதை அமைத்துவிடலாம்.

புதிதாக ஏதாவது வந்தால் மட்டும் அறிவிக்கும் எட்ஜ் தூண்டல் முறையைத் தேர்ந்தால், ஒரு அறிவிப்புக்கு ஓர் ‘அக்செப்ட்’ என்று எழுதக் கூடாது. ‘இனி யாருமில்லை’ என்ற விடை வரும் வரை ஏற்றுக்கொண்டே இருக்க வேண்டும். இல்லையென்றால், மூன்று பேர் சேர்ந்து வந்தபோது ஒருவரை மட்டும் உள்ளே விட்டு, மற்ற இருவரையும் அடுத்த புதியவர் வரும் வரை திண்ணையில் மறந்துவிடுவோம். வேலை மீதியிருக்கும் வரை அறிவித்துக்கொண்டே இருக்கும் லெவல் தூண்டலே எபோலின் இயல்பு, முதல் முறை எழுதுபவர் அதை விட்டு நகர வேண்டியதில்லை.

டிஸ்கிரிப்டர்கள் தீர்ந்துபோனால் ‘அக்செப்ட்’ பிழை தருகிறது, ஆனால் காத்திருப்பவர் வரிசையிலேயே இருக்கிறார். லெவல் தூண்டலில் எபோல் உடனே மறுபடியும் எழுப்பும், மறுபடியும் பிழை, சிபியு நூறு சதவீதத்தில் சுழலும். பழைய தந்திரம் ஒன்று இதற்கு உண்டு: தொடக்கத்திலேயே ‘டெவ் நல்’ கோப்பைத் திறந்து ஒரு டிஸ்கிரிப்டரைக் கையிருப்பில் வைத்திருப்பது. தீர்ந்துபோனதும் அதை மூடி, அந்த இடத்தில் இணைப்பை ஏற்று உடனே மூடிவிட்டு, கையிருப்பை மீண்டும் திறந்துகொள்வது. கிளையன்டுக்குத் தெளிவான மறுப்பு கிடைக்கும், லூப்பும் மூச்சு வாங்கும்.

கடைசி விலை நிரலாளர் தரும் விலை. லூப்புக்குள் ஒரே ஒரு தடையுள்ள அழைப்பு, ஒரு தரவுத்தள எழுத்தோ பெயர்த்தேடலோ, எல்லா 400 கருவிகளையும் நிறுத்திவிடும். முதல் சர்வரில் நாங்கள் செய்த தவறு வேறு உடையில் திரும்பி வரும். எனவே தரவுத்தள வேலையைத் தனி த்ரெட் ஒன்றுக்கு வரிசை வழியாக அனுப்பினோம். பாதிச் செய்தி இப்போது, மீதி அடுத்த அறிவிப்பில் என்று வருவதையெல்லாம் நிலைப்படுத்தி வைக்க வேண்டியிருப்பதால், த்ரெட் முறையில் கதைபோல இருந்த நிரல் இங்கே துண்டு துண்டாகிறது. பைத்தானின் ‘அசிங்க்ஐஓ’ போன்றவை இந்தத் துண்டுகளைத் தைத்துத் தருகின்றன. தடையுள்ள அழைப்பைப் பற்றிய எச்சரிக்கை அவற்றுக்கும் பொருந்தும்.

## பல வாசல்கள்

லினக்ஸ் 3.9 கெர்னலில் 2013-இல் வந்த ‘ரீயூஸ்போர்ட்’ விருப்பம், ஒரே போர்ட்டில் பல பிராசஸ்கள் தத்தம் லிசன் சாக்கெட்டோடு நிற்க இடம் தருகிறது. கெர்னல் வருவோரைப் பங்கிடுகிறது. நொடிக்குப் பல்லாயிரம் புதிய இணைப்புகள் வரும் இடத்துக்கு இது. பங்கீடு வேலைச்சுமையைப் பார்த்து நடப்பதில்லை என்பதும், ஒரு பிராசஸ் நின்றால் அதன் திண்ணையில் காத்திருந்தவர்கள் அறுந்துபோகலாம் என்பதும் இதன் விலைகள். லினக்ஸின் உள்ளீடு-வெளியீட்டு வசதியான ‘ஐஓ யூரிங்’ வழியாக ஒரே கோரிக்கையில் தொடர்ந்து ஏற்கும் வசதி 2022-இல் 5.19 கெர்னலில் வந்திருக்கிறது. மேலே சொன்ன மூவரில் யாருக்கும் இவ்விரண்டும் இன்று தேவையில்லை.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | வரிசை முறை | ஃபோர்க் | த்ரெட் | நிகழ்வு லூப் |
|---|---|---|---|---|
| பொருத்தமான இணைப்பு | மிகக் குறுகியது | நடுத்தரம், சிபியு வேலை கூடியது | நடுத்தரம் முதல் நாள் முழுவதும் | நீண்டது, பெரும்பாலும் மௌனம் |
| ஒரே நேரத்தில் எத்தனை | ஒன்று | பத்துகள் முதல் நூறுகள் | நூறுகள் முதல் சில ஆயிரம் | பல்லாயிரம் |
| ஒருவர் விழுந்தால் | எல்லோரும் | அவர் மட்டும் | எல்லோரும் | எல்லோரும் |
| பொதுத் தகவல் | எளிது | கடினம் | பூட்டு வேண்டும் | எளிது |
| மறை விலை | மௌனக் கிளையன்ட் | மூடாத சாக்கெட், ஸோம்பி | நேரப்போட்டி, நிரம்பும் பூல் | தடையுள்ள அழைப்பு, துண்டான நிரல் |

## எதைத் தேர்ந்தாலும் செய்ய வேண்டியவை

‘ரீயூஸ்அட்ரஸ்’ விருப்பத்தைப் போர்ட்டோடு பிணைப்பதற்கு முன்னரே அமையுங்கள். அது இல்லாமல் சர்வரை நிறுத்தித் தொடங்கினால், பழைய இணைப்புகள் டைம்வெயிட் நிலையில் (மூடிய பிறகும் கெர்னல் சிறிது நேரம் நினைவில் வைத்திருக்கும் நிலை) இருக்கும் வரை, லினக்ஸில் 60 நொடிகள் வரை, ‘முகவரி பயன்பாட்டில் உள்ளது’ என்று மறுக்கப்படலாம். ‘அக்செப்ட்’ தரும் எல்லாப் பிழைகளும் சர்வரை நிறுத்தத் தக்கவையல்ல. ஏற்பதற்குள் கிளையன்ட் கைவிட்டது, சிக்னல் குறுக்கிட்டது போன்றவற்றில் லூப் தொடர வேண்டும்.

மின்சாரம் போன கருவி ‘போய்வருகிறேன்’ என்று சொல்லிவிட்டுப் போவதில்லை. சர்வரின் கணக்கில் அந்த இணைப்பு உயிரோடுதான் இருக்கும். டிசிபியின் கீப்அலைவ் வசதியை இயக்கினாலும் லினக்ஸின் இயல்பு அமைப்பில் அது முதல் சோதனையை அனுப்ப 7200 நொடிகள் காத்திருக்கும், அதாவது இரண்டு மணி நேரம். அதற்குள் ஒரே கருவி மூன்று முறை புதிதாக இணைந்து மூன்று பேய் இணைப்புகளை விட்டிருக்கும். அந்த நேரத்தைக் குறையுங்கள், அல்லது பம்ப்செட் சர்வரில் செய்ததுபோல ஒரு சிறு நலம் விசாரிப்புச் செய்தியைக் குறித்த இடைவெளியில் அனுப்பி, இரண்டு முறை பதில் வராவிட்டால் மூடிவிடுங்கள்.

பம்ப்செட் கருவிகளின் புதிய சர்வர் இப்போது சில வாரங்களாக ஓடுகிறது. பேக்லாக் 512. கருவிகளின் பக்கத்திலும் ஒரு மாற்றம் செய்தோம்: மின்சாரம் வந்ததும் உடனே அழைக்காமல், ஒவ்வொன்றும் பூஜ்யத்திலிருந்து முப்பது நொடிக்குள் தற்செயலாக ஓர் இடைவெளியை எடுத்துக்கொண்டு அழைக்கிறது. போன வாரம் கல்லல் பக்கம் மின்சாரம் போய் வந்தபோது ‘எஸ்எஸ்’ கட்டளையை ஒவ்வொரு நொடியும் ஓட்டிப் பார்த்தேன். ‘ரிசீவ் கியூ’ நெடுவரிசை ஒரு முறை 2 காட்டியது, மற்ற நேரமெல்லாம் 0.